எண்ணெயைத் தள்ளிய தண்ணீர்: ஒரு வித்தை பிறந்த கதை

எண்ணெய்க் கிணற்றுக்குள் தண்ணீர் விடுவது ஒரு காலத்தில் சட்டப்படி குற்றம். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், வற்றிப்போன கிணற்றைக் கைவிட்டுப் போகிறவர், மேலே ஓடும் நிலத்தடி நீர் கீழே எண்ணெய் மணலுக்குள் இறங்காதபடி அதை அடைத்துவிட்டுத்தான் போகவேண்டும். ஆனாலும் சிலர் சத்தம் காட்டாமல் குழாயில் ஓட்டை போட்டுத் தண்ணீரை உள்ளே இறக்கினார்கள். குழாய் துருவேறி ஓட்டை விழுவது சகஜம். அதனால் தானாக விழுந்த ஓட்டை எது, ஆள் போட்ட ஓட்டை எது என்று பிரித்துச் சொல்லவும் முடியாது. அவர்களுக்கு ஒன்று மட்டும் தெரிந்திருந்தது: இந்தக் கிணற்றில் தண்ணீர் இறங்கினால், கொஞ்ச காலத்தில் பக்கத்துக் கிணற்றில் எண்ணெய் கூடுகிறது.

அன்றைக்குத் திருட்டுத்தனமாகச் செய்த அந்த வேலையை இன்றைக்குப் பாரசீக வளைகுடாவிலும் வடகடலிலும் மும்பைக் கடலிலும் பெரும் செலவில் பகிரங்கமாகச் செய்கிறார்கள். தண்ணீர் வேண்டாத விருந்தாளியாக வந்து, பிறகு வீட்டையே தாங்கிய கதை இது.

ஆளிவிதைப் பை

1859 ஆகஸ்டில் பென்சில்வேனியாவின் டைட்டஸ்வில் ஊரில் எட்வின் டிரேக் துளைத்த கிணற்றில் எண்ணெய் தட்டுப்பட்ட ஆழம் வெறும் 69½ அடி. இன்று நம் ஊர்களில் வீட்டுக்குப் போர் போடுகிறவர்கள் கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் அந்த ஆழத்துக்குள்ளேயே தொந்தரவு இருந்தது. எண்ணெய் மணல் கீழே, நிலத்தடி நீர் மேலே. துளை போட்டதும் மேல்நீர் கிணற்றுக்குள் கொட்டும். தண்ணீர் எண்ணெயைவிடக் கனமானது. அது கிணற்றில் நின்றால், கீழேயிருந்து கசிந்து வரும் எண்ணெயை அமுக்கிப் பிடித்துவிடும். கிணறு மூழ்கிச் செத்தது என்றுதான் அர்த்தம்.

அந்தக் காலத்துத் தொழிலாளர்கள் இதற்கு ஒரு கைவைத்தியம் கண்டுபிடித்தார்கள். தோல் பையில் ஆளிவிதையை அடைத்து, எண்ணெய் ஏறும் குழாயைச் சுற்றிக் கட்டி உள்ளே இறக்குவார்கள். ஈரம் பட்டதும் விதை ஊதிப் பருத்து, குழாய்க்கும் கிணற்றுச் சுவருக்கும் நடுவே உள்ள இடைவெளியை இறுக அடைத்துக்கொள்ளும். மேல்நீர் மேலேயே நிற்கும். அருமையான யோசனைதான், ஒரே ஒரு கோளாறு. பழுது பார்க்கக் குழாயை மேலே இழுத்தால் அடைப்பு விட்டுப்போகும், தேங்கி நின்ற தண்ணீர் முழுவதும் எண்ணெய் மணலுக்குள் பாயும். போட்டதைப் போட்டபடி விட்டுவிட்டு ஓடியவர்களின் கிணறுகளிலோ கேட்கவே வேண்டாம்.

அப்படிப் போட்டுவிட்டு ஓடியவர்கள் நிறையப் பேர் இருந்த ஊர் பிட்ஹோல். 1865 தொடக்கத்தில் அங்கே எண்ணெய் பீறிட்டது. அதே ஆண்டு செப்டம்பருக்குள் காட்டுக்குள் 15,000 பேர் வாழும் நகரம் முளைத்துவிட்டது. விடுதிகள், நாடகக் கொட்டகை, தபால் நிலையம் எல்லாம் வந்தன. பிறகு கிணறுகள் வற்றின, தீ விபத்துகள் நடந்தன, ஊர் கலைந்தது. 1870 கணக்கெடுப்பில் 300 பேர்கூட இல்லை. எண்ணெய்த் தொழிலின் வரலாற்றை எழுதியவர்கள், தண்ணீர் எண்ணெயைத் தள்ளிய முதல் சம்பவத்தை இந்த ஊரின் 1865ஆம் ஆண்டுக் கணக்கில்தான் வைக்கிறார்கள். அதை யாரும் திட்டமிடவில்லை. கைவிட்ட கிணறுகள் வழியே மேல்நீர் தானாக இறங்கியது, அவ்வளவுதான்.

சுற்றுவட்டாரத்தில் எல்லோரும் தண்ணீரைத் திட்டிக்கொண்டிருந்தபோது, ஜான் கார்ல் என்ற நிலவியலாளர் அதை வேறு விதமாகப் பார்த்தார். பென்சில்வேனியாவின் நிலவியல் ஆய்வுக்காக எண்ணெய் வயல்களை வருடக்கணக்கில் அளந்தவர் அவர். மேலடுக்கிலிருந்து கிணற்றுக்குள் இறங்கும் தண்ணீர் எண்ணெய் மணல் வழியே நகர்ந்து எண்ணெயை மற்ற கிணறுகளை நோக்கித் தள்ளக்கூடும், அது நன்மையாகவே முடியக்கூடும் என்று 1880இல் எழுதினார். அவர் எழுதியது காகிதத்தில் இருந்தது. சட்டம் தண்ணீருக்கு எதிராகவே இருந்தது.

கோலி சோடாவின் கணக்கு

தண்ணீர் எதற்கு வேண்டும்? எண்ணெய் தானாக மேலே வராதா? வரும், கொஞ்ச காலத்துக்கு. கோலி சோடாவில் கோலியைத் தட்டியதும் பொங்குகிறதே, அதே கணக்குதான். பூமிக்கடியில் அழுத்தத்தில் இருக்கும் எண்ணெய்க்குள் வாயு கரைந்திருக்கிறது. கிணறு போட்டு அழுத்தத்தைக் குறைத்ததும் வாயு பிரிந்து விரிந்து எண்ணெயையும் தள்ளிக்கொண்டு வெளியே வருகிறது. வாயு போய்விட்டால் சோடா வெறும் தண்ணீராக நிற்பதுபோல எண்ணெயும் பாறைக்குள்ளேயே நின்றுவிடும். வாயுவை மட்டும் நம்பிய வயல்களில் ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய் வந்தாலே பெரிய விஷயம். மிச்சம் பாறையின் நுண்துளைகளில் ஒட்டிக்கொண்டு கிடக்கும்.

பென்சில்வேனியாவின் பிராட்ஃபோர்டு வயலுக்கு நேர்ந்ததும் அதுதான். 1871இல் கண்டுபிடித்த அந்த வயல், 1881இல் அமெரிக்கா எடுத்த எண்ணெயில் ஐந்தில் நான்கு பங்கைத் தந்தது. அதற்குப் பிறகு கிடுகிடுவென்று சரிந்தது. திருட்டுத்தனமாகத் தண்ணீர் விட்ட இடங்களில் மட்டும் சரிவு நின்று எண்ணெய் ஏறுவதைப் பலரும் பார்த்துவிட்டதால், 1921இல் மாநிலச் சட்டமன்றம் இறங்கிவந்து தண்ணீர் விடுவதைச் சட்டபூர்வமாக்கியது.

அதுவரை திருட்டு வேலைக்கு ஒரே ஒரு முறைதான் உண்டு. ஒரு கிணற்றில் தண்ணீர் விடுவார்கள். அது நாலாபுறமும் வட்டமாகப் பரவும். பக்கத்துக் கிணறுகளில் எண்ணெய் வந்து ஓய்ந்து தண்ணீர் வரத் தொடங்கியதும், அவற்றிலும் தண்ணீர் விடுவார்கள். வட்டம் பெரிதாகிக்கொண்டே போகும். சட்டம் அனுமதித்ததும் வெளிப்படையாக யோசிக்க முடிந்தது. நடுவே ஒரு வரிசை தண்ணீர்க் கிணறுகள், இரு பக்கமும் இரண்டு வரிசை எண்ணெய்க் கிணறுகள் என்று கோடு பிடித்துப் போட்டார்கள். 1920களின் இறுதிக்குள் அதுவும் மாறி, பகடையில் ஐந்து விழும் முகத்தைப் போன்ற அமைப்பு நிலைபெற்றது. நான்கு மூலையில் நான்கு தண்ணீர்க் கிணறு, நடுவே ஒரு எண்ணெய்க் கிணறு. இதையே வயல் முழுக்கக் கோலம்போல நீட்டிக்கொண்டு போவது. இன்றும் எண்ணெய்ப் பொறியியல் படிக்கும் மாணவர்கள் முதலில் வரைவது இந்த ஐந்து புள்ளியைத்தான்.

பிராட்ஃபோர்டு மறுபடி எழுந்தது. 1937இல் அது இரண்டாவது உச்சத்தைத் தொட்டது. வற்றிவிட்டது என்று அரை நூற்றாண்டுக்கு முன்பே கைகழுவிய வயல் அது.

தண்ணீர் எந்த வழியே போகும்?

நெல் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சியவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டாம். மடையைத் திறந்ததும் தண்ணீர் பாத்தி முழுக்கச் சமமாகப் பரவுவதில்லை. மேட்டை விட்டுவிட்டுப் பள்ளத்தைத் தேடும். எங்கேயாவது எலி வளை இருந்தால் அதற்குள் புகுந்து பக்கத்து வயலில் எழும். எண்ணெய்ப் பாறைக்குள்ளும் அதே சுபாவம். தண்ணீரைவிட எண்ணெய் பொதுவாகக் கெட்டியானது. கெட்டியானதை முழுவதும் தள்ளுவதைவிட நடுவில் விரல்போல் துளைத்துக்கொண்டு போவது தண்ணீருக்குச் சுலபம். பாறையில் எங்கே துளைகள் பெரிதோ அங்கே ஓடும். ஓடிப்போய் எண்ணெய்க் கிணற்றை எட்டிவிட்டால், பிறகு விடும் தண்ணீர் எல்லாம் அந்த வழியே போய் மேலே வந்துகொண்டிருக்கும். வழியின் இரு பக்கமும் எண்ணெய் அப்படியே கிடக்கும்.

ஒரு நுண்துளைப் பாறைக்குள் எண்ணெயைத் தண்ணீர் எப்படிப் பெயர்க்கிறது, தண்ணீரின் முன்முனை எவ்வளவு வேகத்தில் நகரும் என்பதை பக்லி, லெவரெட் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1942இல் கணிதமாக எழுதினார்கள். கைப்பழக்கமாக இருந்த தொழில் அதோடு கணக்காக மாறியது. ஆனால் அந்தக் கணக்கு பிறந்தது மணற்பாறைக்காக. மணற்பாறை ஓரளவு ஒழுங்கானது. மணல் மணலாக அடுக்கியது. உலகத்தின் எண்ணெயில் பாதிக்கு மேல் இருப்பதோ ஒழுங்கே இல்லாத வேறொரு பாறையில்.

சுண்ணாம்புக்கல்லின் குணம்

சுண்ணாம்புக்கல் என்பது பெரும்பாலும் உயிர்களின் மிச்சம்: சிப்பி, பவளம், பாசி. பிறந்த பிறகும் அது சும்மா இருப்பதில்லை. நிலத்தடி நீர் அதைக் கரைக்கும். கரைத்ததை வேறு இடத்தில் கொண்டுபோய்ப் படிய வைக்கும். ஒரு அடி பாறையில் மேல்பாதி சல்லடை மாதிரியும் கீழ்ப்பாதி கருங்கல் மாதிரியும் இருக்கலாம். மேலெழுந்து வளைந்த இடங்களில் விரிசல்கள் ஓடும். இன்னொரு சங்கடம்: சுண்ணாம்புக்கல்லின் பரப்பு எண்ணெயோடு ஒட்டி உறவாடும். மணற்பாறையில் தண்ணீர் துளையின் சுவரை நனைத்துக்கொண்டு எண்ணெயை நடுவில் விடும். பல சுண்ணாம்புக்கற்களில் எண்ணெயே சுவரில் அப்பிக்கொண்டிருக்கும். அப்பியதைக் கழுவி எடுப்பது கடினம்.

அப்படியும் துணிந்தார்கள். மேற்கு டெக்சாஸில் 1948இல் ஒரு பழங்காலப் பவளத் திட்டுக்குள் பெரிய எண்ணெய் வயல் கிடைத்தது. ஆளுக்கு ஆள் எடுத்ததில் அழுத்தம் மளமளவென்று விழுந்தது. தனித்தனியே எடுத்தால் எல்லோரும் கெடுவோம் என்று உணர்ந்து, உரிமையாளர்கள் 1953இல் வயலை ஒரே அலகாக இணைத்தார்கள். மறு ஆண்டு தண்ணீர் விடத் தொடங்கினார்கள். அங்கே ஐந்து புள்ளிக் கோலம் இல்லை. வயலின் நடு முதுகில் ஒரே கோடாகத் தண்ணீர்க் கிணறுகள். நடுவிலிருந்து எண்ணெய் இரு ஓரங்களுக்கும் தள்ளப்பட்டது.

சவூதி அரேபியாவின் கவார் வயலில் இதற்கு நேர்மாறு. அதுவும் 1948இல் கண்டுபிடித்ததுதான். ஏறத்தாழ 280 கிலோமீட்டர் நீளம், 30 கிலோமீட்டர் அகலம் என்று உலகிலேயே பெரியது. அங்கே 1960களில் தண்ணீரை வயலின் வெளிவிளிம்பில் விட ஆரம்பித்தார்கள். எண்ணெய்க்குக் கீழே ஓரமாக இறங்கும் தண்ணீர், மேடான நடுப்பகுதியை நோக்கி எண்ணெயை மெல்ல உயர்த்தும். 1978 முதல் அதற்காகக் கடல்நீரையே சுத்திகரித்துப் பாலைவனத்தின் குறுக்கே குழாயில் கொண்டுபோகிறார்கள். அதே கல், அதே தண்ணீர். ஓரிடத்தில் நடுவிலிருந்து ஓரத்துக்கு, இன்னோரிடத்தில் ஓரத்திலிருந்து நடுவுக்கு. கிணற்றை எங்கே போடுவது என்பதை அந்தந்தப் பாறையிடம்தான் கேட்க வேண்டியிருந்தது.

நம் நாட்டுக்கும் இந்தக் கல்லோடு பழக்கம் உண்டு. மும்பைக்கு மேற்கே கடலில் 1974 பிப்ரவரியில் ‘சாகர் சாம்ராட்’ துளைப்பு மேடை கண்டது சுண்ணாம்புக்கல் எண்ணெய்தான். 1976இல் எடுக்கத் தொடங்கினார்கள், 1984இல் தண்ணீர் விடத் தொடங்கினார்கள். மும்பை ஹை என்ற அந்த வயலின் பாறை மெல்லிய அடுக்குகளாக, நடுநடுவே களிப்பாறை இட்டு அமைந்தது. நன்றாக ஊடுருவும் அடுக்கில் தண்ணீர் முந்திக்கொண்டு ஓடும், மற்ற அடுக்குகள் காத்துக் கிடக்கும். 2000க்குப் பிறகு வந்த மறுமேம்பாட்டுத் திட்டங்களில், பழைய கிணறுகளிலிருந்தே பக்கவாட்டில் துளைத்தும், அடுக்கோடு படுத்துச் செல்லும் கிடைமட்டக் கிணறுகள் போட்டும், அப்படிக் காத்துக் கிடந்த எண்ணெயைத் தேடிப் போனார்கள்.

ஆனாலும் இந்த வித்தை சுண்ணாம்புக்கல்லில் மறுபிறவி எடுத்த இடம் வடகடல். அதற்குக் காரணம் ஒரு சுண்ணக்கட்டி.

மை உறிஞ்சும் கல்

மைப்பேனா காலத்தில் படித்தவர்களுக்குத் தெரியும். நோட்டில் மை கொட்டிவிட்டால் சாக்பீஸ் துண்டை எடுத்து அதன்மேல் வைப்போம். சாக்பீஸ் மையைக் குடித்து நீலமாகும், நோட்டு பிழைக்கும். இப்போதைய சாக்பீஸ் பெரும்பாலும் ஜிப்சம். ஆனால் அதற்குப் பெயர் கொடுத்த சுண்ணக்கட்டிக்கும் இந்த உறிஞ்சும் குணம் உண்டு. யாரும் தள்ளாமல், அழுத்தாமல், நுண்துளைகள் தாமாகவே ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

நார்வேயின் கடற்பரப்பில் எண்ணெய் இருக்கும் வாய்ப்பையே ஒதுக்கிவிடலாம் என்று அந்த நாட்டு நிலவியல் துறை 1958இல் வெளியுறவு அமைச்சகத்துக்கு எழுதியது. 1969 கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு, அந்த வாக்கு பொய்த்துவிட்டது என்று பிலிப்ஸ் பெட்ரோலியம் நிறுவனம் அரசுக்குத் தெரிவித்தது. எகோஃபிஸ்க் என்ற அந்த வயல், கடலடிக்குக் கீழே ஏறத்தாழ 3 கிலோமீட்டரில் உள்ள சுண்ணக்கட்டிப் பாறை. டைனோசர்களின் காலம் முடிவதற்குச் சற்று முன்பும் பின்பும், கடலில் மிதந்த நுண்பாசிகளின் சுண்ணாம்புத் தகடுகள் உதிர்ந்து படிந்து உருவானது. ஒவ்வொரு தகடும் ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் சில பங்குதான்.

இந்தப் பாறையின் கட்டுமானம் விசித்திரமானது. பாறையின் கன அளவில் 30 முதல் 40 விழுக்காடும், சில இடங்களில் அதற்கு மேலும் வெற்றுத் துளைகள். வீட்டில் பாதி காலியறை. ஆனால் அறைக்கு அறை உள்ள வாசல் ஊசித்துளை. எண்ணெய் நிறைய இருக்கிறது, நகரத்தான் வழியில்லை. இயற்கையாக ஓடிய விரிசல்கள் வழியேதான் அது கிணற்றுக்கு வந்தது. 1971இல் எடுக்கத் தொடங்கியபோது, இருப்பதில் 17 விழுக்காடுதான் தேறும் என்று கணக்கிட்டார்கள்.

தண்ணீர் விட்டால் என்ன? பொறியாளர்களுக்குப் பயம். விரிசல் விழுந்த பாறையில் தண்ணீர் விடுவது எலி வளை நிறைந்த வயலில் மடை திறப்பது மாதிரி. விரிசல் வழியே ஓடி எண்ணெய்க் கிணற்றில் எழும்; ஊசித்துளைக்குள் இருக்கும் எண்ணெய்க்கு அது தெரியவே தெரியாது. பாடப்புத்தகத்தின்படி சரியான பயம்தான். ஆனால் கிணற்றிலிருந்து எடுத்த பாறைத் துண்டுகளைத் தண்ணீரில் போட்டுப் பார்த்தபோது, சாக்பீஸ் மையைக் குடித்ததுபோல் பாறை தண்ணீரைக் குடித்தது. குடித்த அளவுக்கு எண்ணெயைக் கக்கியது. விரிசல் ஓட்டை அல்ல, வாய்க்கால் என்று அப்போது புரிந்தது. விரிசல் தண்ணீரைப் பாறையின் உள்மூலைகள் வரை கொண்டுபோய்க் கொடுக்கும். ஊசித்துளைகள் அங்கிருந்து தாமே இழுத்துக்கொள்ளும். 1981இல் சிறிய பகுதியில் சோதனை செய்தார்கள். 1987இல் வயலின் வட பகுதியில் முழுவீச்சில் கடல்நீர் இறங்கத் தொடங்கியது. பிறகு மற்ற பகுதிகளுக்கும் விரிந்தது.

மூழ்கிய மேடை

சோதனைக்கும் தொடக்கத்துக்கும் நடுவே ஒரு அதிர்ச்சி வந்தது. எகோஃபிஸ்கின் நடுவே கடலில் நிற்கும் பிரம்மாண்டமான கான்கிரீட் எண்ணெய்த் தொட்டியைச் சுற்றி, அலையின் வேகத்தைக் குறைக்க வரிசை வரிசையாகத் துளை போட்ட சுவர் உண்டு. 1984 நவம்பரில் அந்தச் சுவரின் துளை வரிசைகளைப் பழைய புகைப்படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, தண்ணீருக்கு மேலே தெரியும் வரிசைகள் குறைந்திருந்தன. கடல் ஏறவில்லை. கடலடி இறங்கியிருந்தது, ஏறத்தாழ 3 மீட்டர்.

எண்ணெயும் வாயுவும் வெளியேற வெளியேறப் பாறைக்குள் அழுத்தம் விழுந்தது. மேலே 3 கிலோமீட்டர் மண்ணின் பாரத்தைத் தாங்க முடியாமல் பஞ்சுபோன்ற சுண்ணக்கட்டி நசுங்கியது. அதன் மேலிருந்த எல்லாமும் கூடவே இறங்கியது. புயல் அலை மேடைகளின் தளத்தைத் தொடும் அபாயம். 1987இல் மேடைகளின் கால்களை அறுத்து, நீரழுத்தத் தூக்கிகளால் ஒரே சமயத்தில் உயர்த்தி, நடுவே 6 மீட்டர் நீளத் துண்டுகளை இணைத்தார்கள். தொட்டியைச் சுற்றி 1989இல் புதிய கான்கிரீட் அரண் வந்தது.

தண்ணீர் விட்டு அழுத்தத்தை மீட்டால் இறக்கம் நின்றுவிடும் என்றுதான் யாருக்கும் தோன்றும். அழுத்தம் ஏறியது, எண்ணெய் உற்பத்தி சரிவிலிருந்து திரும்பி மேலே ஏறியது. ஆனால் கடலடி பத்தாண்டுக்கும் மேலாக இறங்கிக்கொண்டேதான் இருந்தது. தண்ணீர் பட்ட சுண்ணக்கட்டி உலர்ந்ததைவிட மென்மையானது. எண்ணெயைத் தள்ளிய அதே தண்ணீர் பாறையையும் தளர்த்தியது. 1990களின் இறுதியில்தான் இறக்கத்தின் வேகம் பெரிதாகக் குறைந்தது. நசுங்கிய பாறை, பிழிந்த பஞ்சுபோல இன்னும் கொஞ்சம் எண்ணெயையும் வெளியே தள்ளிவிட்டது என்பது ஒரு ஆறுதல்.

கடல்நீர் மட்டும் ஏன் இவ்வளவு நன்றாக வேலை செய்தது? ஸ்டவாங்கர் பல்கலைக்கழகத்தில் டோர் அவுஸ்டாட் குழுவினர் பல ஆண்டுகள் இதைத் தோண்டினார்கள். விடை கடல் உப்பில் இருந்தது. சமையல் உப்பில் அல்ல, அதோடு சேர்ந்து கரைந்திருக்கும் மற்ற உப்புகளில். எண்ணெயில் உள்ள அமிலக் கூறுகள் எதிர்மின் தன்மையால் சுண்ணாம்பின் நேர்மின் பரப்பில் ஒட்டிக்கொண்டிருக்கும். கடல்நீரின் சல்பேட் அந்தப் பரப்பில் போய் அமர்ந்து அதன் ஈர்ப்பைத் தணிக்கிறது. அதனால் கால்சியம் நெருங்க முடிகிறது. நெருங்கி, ஒட்டியிருந்த அமிலத்தைப் பற்றிப் பிரித்துவிடுகிறது. சூடு மிகுந்தால் மக்னீசியமும் இந்த வேலையில் சேர்ந்துகொள்ளும். எகோஃபிஸ்கின் ஆழத்தில் வெப்பம் ஏறத்தாழ 130 டிகிரி செல்சியஸ். இந்த வேதியியலுக்கு ஏற்ற அடுப்பு. எண்ணெயைப் பற்றிக்கொண்டிருந்த பாறை இப்படி மனம் மாறித் தண்ணீரை விரும்பத் தொடங்குகிறது. பக்கத்தில் கிடைக்கிறதே என்று எடுத்து விட்ட கடல்நீர், தெரிந்து தயாரித்த மருந்துபோல் அமைந்துவிட்டது. அதன்பிறகுதான், எந்தப் பாறைக்கு எந்த உப்பு எவ்வளவு என்று தண்ணீரை அளந்து கலக்கும் ஆராய்ச்சி உலகம் முழுக்கப் பரவியது.

17 விழுக்காடு தேறும் என்று தொடங்கிய எகோஃபிஸ்கில் இப்போது 50 விழுக்காட்டுக்கு மேல் எடுக்கலாம் என்று கணக்கு.

விரிசலையே வழியாக்கியவர்கள்

எகோஃபிஸ்குக்குத் தென்கிழக்கே டென்மார்க்கின் கடலில் டான் என்றொரு வயல். அங்கேயும் சுண்ணக்கட்டிதான், ஆனால் எகோஃபிஸ்குக்குக் கைகொடுத்த அளவுக்கு விரிசல்கள் இல்லை. நேராக இறக்கிய கிணறு பாறையைத் தொடுவதே சில பத்து மீட்டர். ஊசித்துளை வழியே எவ்வளவுதான் வரும்? ஆகவே 1987 முதல் கிணற்றை வளைத்துப் பாறைக்குள் படுக்கவைத்தார்கள். படுத்த கிணறு கிலோமீட்டர் கணக்கில் பாறையோடு உரசிக்கொண்டு போகும். கிணறு சரியான அடுக்கை விட்டு விலகாமல் பார்த்துக்கொள்ள வடகடலில் ஒரு வேடிக்கையான வழியும் பிறந்தது. துளைத்து வரும் பொடியை மேடையிலேயே நுண்ணோக்கியில் வைத்து, அதிலுள்ள நுண்புதைபடிவங்களைப் பார்த்து, இந்த இனம் இந்த அடுக்கில்தான் இருக்கும், இரண்டு மீட்டர் மேலே திருப்பு என்று சொல்வார்கள். ஆறரைக் கோடி ஆண்டுக்கு முன் செத்த பாசி துளைக்கோலுக்கு வழி சொன்னது.

அப்படி டான் வயலின் மேடையிலிருந்து மேற்கே 1998இல் ஏறத்தாழ 9 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு கிணற்றைத் துளைத்தார்கள். வயலின் எல்லை தாண்டியும் எண்ணெய் வந்தது. மேடாக வளைந்த பாறைக்கடியில்தான் எண்ணெய் தேங்கும் என்பது பழைய பாடம். இங்கே மேடே இல்லாத இடத்தில் எண்ணெய் இருந்தது. ஊசித்துளைகளில் அது நகரும் வேகம் அவ்வளவு குறைவு. போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரவே இன்னும் நேரம் வரவில்லை! அதுதான் ஹாஃப்டான் வயல். பின்னாளில் டென்மார்க்கின் மிகப் பெரிய உற்பத்தி வயலாக இருந்தது அதுதான்.

அங்கே மேர்ஸ்க் ஆயில் நிறுவனத்தினர் போட்ட கிணறுகளின் வரைபடம் சீப்பின் பற்கள்போல இருக்கும். கிலோமீட்டர் கணக்கில் நீண்டு படுத்த கிணறுகள் ஒன்றுக்கொன்று இணையாக, ஏறத்தாழ 180 மீட்டர் இடைவெளியில். ஒன்று எண்ணெய்க்கு, அடுத்தது தண்ணீருக்கு, அதற்கடுத்தது எண்ணெய்க்கு. பூமிக்குள் பாறையை அமுக்கும் விசை எல்லாத் திசையிலும் சமமாக இருப்பதில்லை. பாறை பிளந்தால் அதிக விசை இருக்கும் திசையோடுதான் பிளவு ஓடும். கிணறுகளை அந்தத் திசையிலேயே படுக்கவைத்தார்கள். முதலில் எல்லாக் கிணறுகளிலும் எண்ணெய் எடுத்தார்கள். அதனால் பாறைக்குள் விசைகளின் நிலை தமக்குச் சாதகமாகத் திரும்பியது. அதன்பிறகு ஒன்றுவிட்டு ஒரு கிணற்றில் தண்ணீர் இறக்கி, மெல்ல அழுத்தத்தைக் கூட்டி, பாறை பிளக்கும் அளவுக்கே கொண்டுபோனார்கள்.

தண்ணீர் விடும்போது பாறை பிளப்பதுதான் அதுவரை பொறியாளர்கள் பயந்த பெரிய விபத்து. பிளவு எங்கே ஓடும் என்று தெரியாது. எண்ணெய்க் கிணற்றை எட்டிவிட்டால் எல்லாம் முடிந்தது. ஹாஃப்டானில் பிளவு எங்கே ஓட வேண்டும் என்று முன்பே இடம் ஒதுக்கியிருந்தார்கள். தண்ணீர்க் கிணற்றின் நீளத்தோடேயே அது ஓடியது. கிணறு கிலோமீட்டர் நீளச் சுவராக மாறியது. தண்ணீர் அந்தச் சுவரெங்கும் இருந்து ஒரே அணியாக, 180 மீட்டர் தள்ளியிருக்கும் எண்ணெய்க் கிணற்றை நோக்கி நடந்தது. பிராட்ஃபோர்டில் 1920களில் வரிசை பிடித்துப் போட்ட அதே கோடுதான்; ஒரு வரிசைக் கிணறுகள் செய்த வேலையைப் படுத்துக்கிடக்கும் ஒரே கிணறு செய்தது.

திருப்பி அனுப்பும் தண்ணீர்

இந்த வித்தைக்கு ஒரு விலை உண்டு. தண்ணீரை உள்ளே அனுப்பினால் அது என்றைக்காவது வெளியே வந்தே தீரும். வயசான வயல்களில் கிணற்றிலிருந்து வருவதில் எண்ணெயைவிடத் தண்ணீரே அதிகம். மேடையில் பாதி வேலை அதைப் பிரிப்பது, சுத்தப்படுத்துவது, மறுபடி உள்ளே அனுப்புவது. எண்ணெய்க் கம்பெனியின் கணக்குப் புத்தகத்தைப் பார்த்தால், அது பெரும்பாலும் தண்ணீர் இறைக்கும் கம்பெனியாகத் தெரியும். அப்படியும் பாறைக்குள் பாதி எண்ணெய் மிச்சம் இருக்கிறது. கடலடி இறங்கியது இறங்கியதுதான்.

பிட்ஹோலில் இப்போது நகரம் இல்லை. குன்றின்மேல் புல்வெளி மட்டும். ஒரு காலத்தில் தெருக்கள் ஓடிய இடத்தில் மட்டும் புல்லை ஒட்ட வெட்டிப் பாதையாக வைத்திருக்கிறார்கள். பார்க்க வருகிறவர்கள் அதன்வழி நடந்து, இங்கே விடுதி, அங்கே நாடகக் கொட்டகை என்று ஊகித்துக்கொள்ளலாம். அந்த ஊரில் கூடியவர்கள் அத்தனை பேரும் எண்ணெயைத் தேடி வந்தார்கள், தண்ணீரைச் சபித்துவிட்டுப் போனார்கள். அவர்கள் மூடாமல் விட்டுப்போன கிணறுகளில் அந்தத் தண்ணீர் அப்போதே வேலையை ஆரம்பித்திருந்தது.